கோவிலுக்குள் ஒரு சுவர்

(இலாத்தரன் பேராலய நேர்ந்தளிப்பு விழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



நவம்பர் 9-ஆம் நாள் நம் திருஅவை சற்று வித்தியாசமான ஒரு விழாவைக் கொண்டாடுகிறது. அது ஒரு புனிதரின் விழா அல்ல, ஒரு கட்டடத்தின் விழா. உரோமை நகரில் இருக்கும் இலாத்தரன் பேராலயம் கடவுளுக்கு நேர்ந்தளிக்கப்பட்ட நாளை உலகம் முழுவதும் நினைவுகூருகிறோம். திருத்தந்தை சில்வெஸ்தர் 324-ஆம் ஆண்டு அதை நேர்ந்தளித்தார் என்பது மரபு. எருமப்பட்டியில் இருக்கும் நமக்கும் உரோமையில் உள்ள ஒரு கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கோவில் கட்டடங்களின் வரலாற்றைக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வீடு கட்டும்போது மனையில் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். எது அடுப்படி, எது கூடம், வாசற்படி எந்தப் பக்கம் என்று அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த வீட்டில் யார் எதுவரை வரலாம் என்பதையும் அதே கோடு சொல்லிவிடும். கோவிலும் அப்படித்தான். ஒரு கோவிலின் அடித்தளத்தைப் பார்த்தால் அதைக் கட்டிய மக்கள் எதை நம்பினார்கள் என்பது தெரியும். வாயால் அறிக்கையிட்ட விசுவாசம் வேறாக இருக்கலாம். தரையில் போட்ட கோடு பொய் சொல்லாது.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்களுக்குப் பெரிய ஆலயங்கள் கிடையாது. வீடுகளில்தான் கூடினார்கள். அப்படி ஒரு வீடு இன்றைய சிரியா நாட்டில், தூரா எயுரோப்போசு என்ற பழைய எல்லைக் கோட்டை நகரத்தில், 1930-களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 240-ஆம் ஆண்டில் ஒரு சாதாரணக் குடும்ப வீட்டை ஆலயமாக மாற்றியிருக்கிறார்கள். உலகில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய கிறிஸ்தவ ஆலயங்களில் இது ஒன்று. அதை ஆலயமாக்க அவர்கள் கோபுரம் எழுப்பவில்லை, தூண் நிறுத்தவில்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த ஒரு சுவரை இடித்தார்கள். எல்லாரும் சேர்ந்து உட்கார ஒரு கூடம் கிடைத்தது. எழுபது பேர் அளவில் கூடக்கூடிய இடம் அது. அவ்வளவுதான். நம் முன்னோரின் முதல் கட்டட வேலைகளில் ஒன்று, சுவரை இடிக்கும் வேலையாக இருந்தது.

இதற்கு முன்னால் எருசலேம் ஆலயத்தில் இருந்த ஒரு சுவரையும் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஆலய வளாகத்தில் பிற இனத்தார் ஒரு முற்றம் வரை வரலாம். அதற்கு அப்பால் ஒரு குறுக்குத் தடுப்பு. அதில் கிரேக்க மொழியில் கல்லெழுத்து வைத்திருந்தார்கள்: வேற்றினத்தார் இதைத் தாண்டக் கூடாது, தாண்டிப் பிடிபட்டால் அவர் சாவுக்கு அவரே பொறுப்பு என்பது அதன் சாரம். அந்தக் கல்லே 1871-ஆம் ஆண்டு எருசலேமில் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூய பவுல் பிற இனத்தார் ஒருவரை இந்தத் தடுப்பைத் தாண்டி அழைத்துப்போனார் என்று குற்றம் சாட்டித்தான் எருசலேமில் அவரை அடித்துக் கொல்லப் பார்த்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. அந்தப் பவுல்தான் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில், இரு இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலாலேயே தகர்த்தார் என்று போதிக்கிறார். அவருக்கு அது வெறும் உவமை இல்லை. அந்தச் சுவரைக் கண்ணால் பார்த்தவர், அதனால் அடிவாங்கியவர்.

அன்பார்ந்தவர்களே, இடித்த சுவர் இடித்தபடியே இருந்துவிடுவதில்லை. மத்திய காலத்தில், அதாவது சுமார் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவின் எத்தனையோ கிராமங்களில் கற்கோவில்கள் எழுந்தன. அந்தக் கிராமக் கோவிலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கே பீடம். பீடத்தைச் சுற்றிக் குருவுக்கும் பாடகர்களுக்கும் உரிய சிறு பகுதி. மேற்கே மக்கள் நிற்கும் நீண்ட கூடம். இலத்தீனில் அந்தக் கூடத்துக்குக் கப்பல் என்று பெயர். இன்றுபோல் பெஞ்சு வரிசைகள் முதலில் கிடையாது. மக்கள் நின்றார்கள், முழந்தாளிட்டார்கள். முடியாதவர்களுக்குச் சில கோவில்களில் சுவரோரம் கல்திண்ணை இருந்தது. இங்கிலாந்தில் ஒரு வழக்கம் உண்டு. பீடப் பகுதியின் கூரை ஒழுகினால் குருவின் செலவு. மக்கள் கூடத்தின் கூரை ஒழுகினால் ஊரார் செலவு. நம் ஊர்த் திருவிழா வரிபோல அவர்களும் வரி போட்டுக் கூரை வேய்ந்தார்கள், மணி வாங்கினார்கள், மெழுகுத்திரி வாங்கினார்கள். ஏழை விவசாயிகள் கட்டிக் காத்த கோவில்கள் அவை. அந்த விசுவாசத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்தக் கோவிலிலும் ஒரு தடுப்பு இருந்தது. மக்கள் கூடத்துக்கும் பீடத்துக்கும் நடுவே மரத்தாலோ கல்லாலோ சித்திர வேலைப்பாட்டோடு ஒரு திரைச்சுவர். அதன்மேல் பாடுபட்ட சுரூபம், இருபுறமும் மரியன்னையும் யோவானும். பார்க்க அழகானது. ஆனால் திருப்பலி அதற்கு அந்தப் பக்கம் நடந்தது. மக்கள் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தார்கள். மணி அடித்து அப்பம் உயர்த்தப்படும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தார்கள். இறந்த பிறகும் இந்த வரிசை மாறவில்லை. ஊர்ப் பிரபு பீடத்துக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஏழை வெளியே மண்ணில் புதைக்கப்பட்டார்.

1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு இது மாறத் தொடங்கியது. 1568-இல் உரோமையில் இயேசு சபையார் தங்கள் தாய்க்கோவிலான இயேசு ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 1584-இல் அது நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் உள்ளே தடுப்பு இல்லை. அகலமான ஒரே கூடம். எங்கே நின்றாலும் பீடம் தெரியும், மறையுரை கேட்கும். உலகம் முழுவதும் எத்தனையோ கத்தோலிக்கக் கோவில்கள் இந்த மாதிரியைப் பின்பற்றின. எல்லாரும் காணட்டும், எல்லாரும் கேட்கட்டும் என்பதே அதன் உட்பொருள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். ஏனென்றால் அதே இயேசு சபையார்தான் நம் மண்ணில் நற்செய்தி விதைத்தவர்கள். தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தே நொபிலி 1623-ஆம் ஆண்டு மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சி வழியாக நம் பக்கத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்குப் போனார். கொல்லிமலை அடிவாரத்தில் காவி உடையோடும் கமண்டலத்தோடும் ஓர் இத்தாலியத் துறவி நடந்துபோனதை நினைத்துப் பாருங்கள். நாம் இன்று பஸ்ஸில் போகும் அதே சமவெளிதான்.

நொபிலி தமிழையும் வடமொழியையும் கற்றார், நம் மக்களின் உடையையும் உணவையும் ஏற்றார். அது பெரிய காரியம். அதற்கு ஒரு விலையும் இருந்தது. சாதி வரிசையை ஊர் வழக்கம் என்று எண்ணி அப்படியே விட்டுவைத்தார்கள். உயர்குடி மக்களிடம் பணிசெய்யச் சந்நியாசிக் குருக்கள், மற்றவர்களிடம் பணிசெய்யப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரண்டு வகையானார்கள். முதலில் உள்ளே வரட்டும், வந்த பிறகு நற்செய்தி உள்ளிருந்து மாற்றும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். அவர்கள் உள்நோக்கத்தைக் கடவுள் அறிவார். ஆனால் தரையில் போட்ட கோடு தங்கிவிட்டது.

1745-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே 14 அன்று, நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளத்தில், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் ஒருவர் திருமுழுக்குப் பெற்றார். பரஞ்சோதிநாதர் என்று மக்கள் அழைத்த இத்தாலியக் குரு புத்தாரி அவருக்கு லாசர், அதாவது தேவசகாயம், என்று பெயரிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் வேறொன்று நடந்தது. அங்கே கோவிலுக்குள் பறையர் மக்களைத் தனியே நிறுத்த ஒரு சுவர் இருந்தது. எங்களையும் கிறிஸ்தவர்களாக்கிவிட்டு இப்படிப் பிரித்து வைப்பது நியாயமா என்று அந்த மக்கள் குருவிடம் முறையிட்டார்கள். குரு சுவரை எடுக்கச் சொன்னார். மற்றவர்கள் கோபம் கொண்டு கலகம் செய்தார்கள். ஆளுநரின் துபாஷாகப் பின்னாளில் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர். வெளியே நின்று நம்மைப் பார்த்தவர். நம்மைப் பற்றி அவர் கண்ணில் பட்டது இதுதான்.

தேவசகாயம் எல்லாச் சாதி மக்களோடும் கலந்து பழகினார், சேர்ந்து உண்டார். அது அவருக்கு எதிராக எழுந்த பகைக்கு ஒரு காரணம். சிறையில் வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை உரோமை நீக்கிவிட்டது. இன்று அவர் புனித தேவசகாயம் மட்டுமே.

அவர் திருமுழுக்குப் பெற்ற அந்த வடக்கன்குளத்தில் பின்னால் என்ன நடந்தது தெரியுமா? அங்கே யார் எங்கே நிற்பது, யாருக்கு எந்த மரியாதை என்று பிள்ளைமாருக்கும் நாடார்களுக்கும் நெடுங்காலம் சண்டை. 1870-களில் புதிதாகத் திருக்குடும்ப ஆலயம் எழுந்தபோது, அந்தச் சண்டைக்கே ஒரு கட்டட வடிவம் கொடுக்கப்பட்டது. ஒரே பீடம். பீடத்திலிருந்து இரண்டு கூடங்கள், விரிந்த இரண்டு கால்கள்போல, இரு திசையில் பிரிந்து போகும். ஒரு காலில் ஒரு சாதியார், மறுகாலில் மற்றவர்கள். நடுவில் சுவர். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆனால் இந்தப் பக்கம் முழந்தாளிட்டவருக்கு அந்தப் பக்கம் முழந்தாளிட்டவரின் முகம் தெரியாது. கால்சட்டைக் கோவில் என்று இதைக் கேலியாகச் சொன்னவர்கள் உண்டு.

கட்டியவர் கெட்டிக்காரர் என்பதில் சந்தேகமில்லை. இரு தரப்பும் சண்டையில்லாமல் திருப்பலி காணட்டும் என்று அவர் நினைத்திருப்பார். அமைதியும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம். ஆனால் எருசலேமில் அந்தத் தடுப்புக் கல் மண்ணிலிருந்து வெளியே வந்தது 1871-இல். ஏறக்குறைய அதே காலத்தில் நாம் இங்கே புதிய தடுப்பை எழுப்பிக்கொண்டிருந்தோம். எல்லாரும் ஒரே கூடத்தில் நின்று பீடத்தைப் பார்க்கட்டும் என்று உரோமையில் கட்டிய அதே சபையின் பொறுப்பில்தான் இந்தக் கோவிலும் இருந்தது. பவுல் சொன்னதைப் பீடத்தில் நின்று வாசித்திருப்பார்கள். வாசித்த குரல் சுவரின் இரு பக்கமும் கேட்டிருக்கும்.

1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளைமாரும் முதலியார்களும் கோபம் கொண்டு திருச்சி ஆயர்மீது வழக்குப் போட்டார்கள். சுவரைத் திரும்பக் கட்டித்தர வேண்டும், கோவிலின் எங்கள் பகுதி எங்களுக்கே உரியது என்பது அவர்கள் கோரிக்கை. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவக் கோவிலுக்குள் அப்படி ஓர் உரிமை கிடையாது என்று முடிந்தது. ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோவிலில் சுவர் வேண்டும் என்று கேட்டவர்கள் நற்கருணை உண்ணும் கிறிஸ்தவர்கள். வேண்டாம் என்று முடிவு சொன்னது அரசாங்க நீதிமன்றம். ஒரே அப்பத்தை உண்ணும் நாம் ஒரே உடல் என்பதை நீதிமன்றம் நமக்கு நினைவுபடுத்த வேண்டிவந்தது.

ஆலயத்தின் அந்த இரு கால்கள் இன்றும் இருக்கின்றன. நடுச்சுவர் இல்லை. அங்கே போகிறவர்கள் புனித தேவசகாயத்தை நினைத்துச் செபிக்கிறார்கள். நீங்களும் கன்னியாகுமரிப் பக்கம் திருயாத்திரை போனால் கொஞ்சம் திரும்பி அங்கே போய் வாருங்கள். பீடத்தின் முன்னால் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். கட்டடத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது புரியும். சுவரை எடுத்த பிறகும், அது நின்றதை அந்தக் கோவிலின் வடிவம் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சகோதர சகோதரிகளே, அது நெல்லைக் கதை, நம் நாமக்கல் சீமையில் அப்படியெல்லாம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். நம் கோவிலில் சுவர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வீடு மந்திரிக்கப் போகும்போது வேதியரும் என்னோடு வருவார். சில வீடுகளில் எனக்குக் காபி எவர்சில்வர் டம்ளரில் வரும். அவருக்குப் பேப்பர் கப்பில் வரும். இரண்டிலும் ஒரே காபிதான். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவரும் பேசாமல் குடித்துவிட்டுக் கப்பை வெளியே போட்டுவிட்டு வருவார். எந்தச் செங்கலும் இல்லாமல் எழுப்பிய சுவர் அது. அதை இடிக்க எந்த வழக்கும் போட முடியாது.

தேர்த் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். கொடிமரமும் சப்பரமும் தேரும் நம் மண்ணின் அழகு. ஐரோப்பாவிலிருந்து வந்த கோவிலுக்கு நம் முன்னோர் கொடுத்த அணிகலன்கள் அவை. ஆனால் அந்தத் தேர் எந்தத் தெரு வரை போகிறது, எந்தத் தெருமுனையில் திரும்பிவிடுகிறது என்று பாருங்கள். திரும்பும் அந்த முனையில் ஒரு சுவர் நிற்கிறது. பந்தியில் யார் யாரோடு உட்காருகிறார்கள், வாசகம் வாசிக்க எந்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறோம், அன்பியக் கூட்டத்தை எந்த வீடுகளில் ஒருமுறைகூட நடத்தியதில்லை என்று எண்ணிப் பாருங்கள். கோவிலின் உண்மையான வரைபடம் அங்கேதான் இருக்கிறது.

கல்லறையை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் சாதிக்கொரு பக்கமாகவே இருக்கின்றன. எல்லாரும் ஒரே நாளில் உயிர்த்தெழுவோம் என்று நம்புகிறவர்கள், அதுவரை தனித்தனியே படுத்திருக்கிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது, அது நற்செய்தி அறிவிப்புக்கே தடை என்று கண்டிப்போடு எடுத்துச் சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, திருஅவைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. மேலே இருப்பவர்கள் பேசிவிட்டார்கள். பங்கில்தான் அது நடக்க வேண்டும்.

இன்றைய விழாவின் வாசகங்களில் தூய பவுல், கடவுளின் கோவில் நீங்களே என்று கொரிந்து மக்களுக்கு நினைவூட்டுகிறார். இயேசு சாட்டையெடுத்து எருசலேம் ஆலயத்தைத் தூய்மையாக்கும் நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியில் கேட்கிறோம். வியாபாரிகளை விரட்டினார் என்று மட்டும் நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த வியாபாரம் நடந்த இடம் பிற இனத்தார் வந்து செபிக்கக்கூடிய ஒரே முற்றம் என்று விவிலிய அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் இடத்தை மீட்டுக் கொடுக்கத்தான் அவர் சாட்டை எடுத்தார் என்றும் நாம் சிந்திக்கலாம்.

பெரிய காரியம் எதுவும் கேட்கவில்லை. இது இறந்தோரின் மாதம். கல்லறைக்குப் போகும்போது உங்கள் வீட்டாருக்கு ஏற்றும் மெழுகுத்திரியோடு இன்னொன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சாதியும் உறவும் அல்லாத ஒருவர் கல்லறையில் அதை ஏற்றிவைத்து ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லுங்கள். வேதியர் உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டு டம்ளரில் காபி கொடுங்கள். அடுத்த ஆண்டு தேர் போகும் வழியைத் திருவிழாக் குழு முடிவுசெய்யும்போது, இதுவரை போகாத தெருவின் பெயரை யாராவது ஒருவர் எழுந்து சொல்லுங்கள். நானும் அந்தக் கூட்டத்தில் உங்களோடு இருப்பேன்.

மன்றாடுவோம்: இறைவா, சுவரை இடித்து உமக்குக் கூடம் அமைத்த முதல் கிறிஸ்தவர்களின் துணிவை எங்களுக்குத் தாரும். புனித தேவசகாயத்தின் வேண்டுதலால், எங்கள் கோவிலிலும் எங்கள் தெருவிலும் எங்கள் வீட்டு அடுப்படியிலும் நாங்கள் எழுப்பி வைத்திருக்கும் சுவர்களை எங்கள் கண்ணுக்குக் காட்டும். அவற்றை இடிக்க எங்கள் கைகளுக்கு வலிமை தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.